கட்டத்தில் இடறும் எழுத்து

வாசகர் கேள்வி – பதில்

குறுக்கெழுத்துப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவை. தலைபோகிற விடயம் ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிறு காலைத் தேத்தண்ணி ஆறும்வரை ஒரே கட்டத்தைப் பார்த்தபடி இருந்தவர்களுக்கு அந்த அந்தரம் தெரியும். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரின் பெயருக்கே எத்தனை கட்டம் என்று வீட்டில் வாக்குவாதம். நான் ஆறு என்கிறேன், மகள் ஏழு என்கிறாள். எது சரி?
– வாசகர், உவர்மலை

பதில்: இருவரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள், ஐயா. எழுதிய சொல்தான் வேறு. 'திருகோணமலை' என்றால் தி, ரு, கோ, ண, ம, லை என்று 6 கட்டம். 'திருக்கோணமலை' என்று க் வைத்து எழுதினால் 7. சம்பந்தர் தேவாரத்தில் வரும் 'கோணமாமலை' என்றால் 5. வெற்றுக் கட்டங்களை எண்ணினாலே போட்டியை அமைத்தவர் எந்த வடிவத்தை நினைத்தார் என்பது தெரிந்துவிடும்.

மகளைப் போலப் புதிதாகத் தொடங்குவோருக்காக அடிப்படையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகிய 247 எழுத்துகளில் எது வந்தாலும் ஒரு முழுக் கட்டம் அதற்கு உரியது. 'கோ' அச்சில் கொம்பு, க, கால் என்று மூன்று உருவாகத் தெரிந்தாலும் எழுத்து ஒன்றுதான். புள்ளி வைத்த 'ம்' தனக்கென்று ஒரு கட்டம் எடுக்கும். அதை முன்னெழுத்தோடு ஒட்டி ஒரே கட்டத்தில் எழுதுவதுதான் பிள்ளைகள் விடும் முதற் பிழை. வடவெழுத்துகளில் ஸ்ரீ ஒரு கட்டம். ஆகவே 'ஸ்ரீலங்கா' 4, 'சிறிலங்கா' 5. க்ஷ வரிசையும் அப்படியே. 'லக்ஷ்மி' என்றால் 3, 'லட்சுமி' என்றால் 4, 'இலட்சுமி' என்றால் 5.

பெரியவர்களையும் இடறவைப்பது ஔ. 'ஔவை' 2 கட்டம், 'ஔடதம்' 4 கட்டம். பல அச்செழுத்துகளில் ஔ என்பது ஒ-வும் ள-வும் பக்கத்தில் நிற்பது போலவே தெரியும். அதைப் பார்த்து இரண்டு கட்டத்தில் பிரித்து எழுதினால் கடைசியில் ஒரு கட்டம் போதாமல் போகும். பிறகு சரியான விடையையே பிழை என்று அழித்துவிடுவோம். கௌபி, சௌக்கியம் எல்லாவற்றிலும் இந்தக் கவனம் வேண்டும்.

கேள்வி: 'இது இல்லாத வீட்டில் நிம்மதி இராது' என்று குறிப்பு, மூன்று கட்டம். நான் 'பணம்' என்று போட்டேன். விடை 'அன்பு' என்று வந்தது. இப்படியான குறிப்புக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வழி உண்டு. முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லவேண்டும். பொருளைச் சொல்லாமல் கருத்தைச் சொல்லும் இத்தகைய குறிப்புகள் நம் குறுக்கெழுத்துகளின் பெரிய பலவீனம். பணம், அன்பு, அமைதி, உணவு நாலும் 3 கட்டம். நாலும் அந்த வசனத்துக்குப் பொருந்தும். ஆகவே இவற்றைப் பேனையால் முதலில் நிரப்பவே கூடாது. சுற்றியுள்ள சொற்கள் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

எந்தச் சொல்லுக்குக் காத்திருப்பது என்பதுதான் விடயம். நாலு சொல்லையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓரத்தில் எழுதிப் பாருங்கள். முதற் கட்டத்தில் அன்புக்கும் அமைதிக்கும் ஒரே அ. கடைசிக் கட்டத்தில் ம், பு, தி, வு என்று நாலும் வேறு. ஆகவே கடைசிக் கட்டத்தை வெட்டிக்கொண்டு இறங்கும் சொல்லைத் தேடிப் பிடித்தால் அது ஒன்றே நாலையும் பிரித்துக் காட்டிவிடும்.

அதைவிடக் கூர்மையான வழியொன்றைத் தமிழ் எழுத்து முறையே தருகிறது. உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். அளபெடையை விட்டால் நடுவிலும் கடைசியிலும் வராது. இடமிருந்து வலம் போகும் சொல்லின் முதற் கட்டம், மேலிருந்து கீழ் வரும் இன்னொரு சொல்லுக்கு நடுவாகவோ கடைசியாகவோ அமைந்தால் அங்கே அ, இ, உ எதுவும் நிற்க முடியாது. அன்பு, அமைதி, உணவு மூன்றும் ஒரே வீச்சில் போய்ப் பணம் மட்டும் மிஞ்சும். உங்கள் போட்டியில் விடை 'அன்பு' என்று வந்ததால், அந்த முதற் கட்டம் வேறு சொல்லோடு வெட்டாததாக இருந்திருக்கவேண்டும், அல்லது இரண்டு சொற்களும் அங்கிருந்தே தொடங்கியிருக்கவேண்டும்.

மெய்யெழுத்துக்கு இதன் மறுபக்கம். அது சொல்லின் முதலில் வராது. ஆகவே ஒரு சொல் தொடங்கும் கட்டம், குறுக்கே போகும் சொல்லுக்கு நடுவில் இருந்தால் அங்கே உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, உயிர்மெய்தான். நன்னூல் கணக்கில் சொல்லுக்கு முதலாகும் உயிர்மெய் வரிசைகள் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற 10. ரதம், லட்டு, டமாரம் போன்று வெளியிலிருந்து வந்த சொற்களுக்காக ர, ல, ட வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ண, ழ, ள, ற, ன ஐந்தும் முதலில் வந்தால் எங்கேயோ பிழை. சொல்லின் கடைசியில் க், ச், ட், த், ப், ற் வந்தாலும் அப்படியே சந்தேகப்படுங்கள். 'கேக்' போன்ற ஆங்கிலச் சொல் மட்டும் விதிவிலக்கு.

இந்த விதிகள் உதவாத இடம் இரண்டு. குறிப்பின் அருகில் 'குழம்பியுள்ளது' (எழுத்துகள் இடம் மாறியவை), 'திரும்பியுள்ளது' (கடைசி எழுத்திலிருந்து எழுதியவை) என்று போட்ட சொற்கள் ஒன்று. 'நல்லஎண்ணம்' என்பது போல இரண்டு சொல்லைப் புணர்த்தாமல் அப்படியே ஒட்டிவைத்த விடைகள் மற்றது.

கேள்வி: தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் போட்டியை நிரப்பும்போது நம்முடைய சொல்தான் முதலில் வாயில் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: கட்டங்களின் எண்ணிக்கை மாறும் சொற்களால் உங்களுக்கு ஆபத்து இல்லை, அம்மா. கதிரை 3, நாற்காலி 4. திகதி 3, தேதி 2. நுளம்பு 4, கொசு 2. பாண் 2, ரொட்டி 3. கட்டமே உங்களைத் திருத்திவிடும்.

ஏமாற்றுவது எண்ணிக்கை ஒத்துப்போகும் சொற்கள். பப்பாசியும் பப்பாளியும் 4 கட்டம். முதல் மூன்று எழுத்தும் ஒன்றேதான், கடைசியில் மட்டும் சி, ளி. அந்தக் கடைசிக் கட்டம் வேறு சொல்லோடு வெட்டாவிட்டால் பிழையென்று தெரியவே வாய்ப்பில்லை. தேசிக்காயும் எலுமிச்சையும் 5. அலவாங்கும் கடப்பாரையும் 5. இவற்றுக்கு ஓர் எழுத்துக்கூடப் பொது இல்லாததால், குறுக்கே ஒரு சொல் சரியாக விழுந்தாலே எது என்று தெரியும். ஆகவே இங்கும் பப்பாசி வகைதான் கெட்டது.

கச்சான் தனி வழக்கு. நம் கரையில் அது மேல்காற்றுக்கும் பெயர், கொறிக்கும் கடலைக்கும் பெயர். 'மேற்கிலிருந்து வீசுவது' என்று குறிப்பிருந்து 4 கட்டமென்றால் கச்சான், 2 கட்டமென்றால் இலக்கியத்தில் வரும் கோடை. கடலையைத்தான் கேட்கிறார்கள் என்றால் தமிழ்நாட்டு இதழில் நிலக்கடலையோ வேர்க்கடலையோ 6 கட்டத்தில் நிற்கும். அவை இரண்டுக்கும் முதல் இரண்டு கட்டங்கள்தான் வேறு.

இரண்டு பக்கச் சொற்களையும் கட்ட எண்ணிக்கையோடு ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். 40, 50 சொற்கள் சேர்ந்தால் போதும், தேவை பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: 'கன்னியாவில் ஊறுவது' என்ற குறிப்புக்கு 'வென்னீர்' போட்டேன். 4 கட்டமும் சரியாக வந்தது. மேலிருந்து கீழ் வரும் சொல் மட்டும் எதற்கும் பிடிகொடுக்கவில்லை.
– மாணவன், நிலாவெளி

பதில்: தம்பி, கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் ஊறுவது வெந்நீர். வெம்மை + நீர் என்று சேர்வதால் நீரின் ந அப்படியே நிற்கும், முன்னால் ந் வரும். தண்மை + நீர் தண்ணீர் ஆவதைப் பார்த்துப் பழகிய கை, இதையும் 'வென்னீர்', 'வெண்ணீர்' என்று எழுதிவிடுகிறது. மூன்றுக்கும் 4 கட்டம் என்பதால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. குறுக்கே வரும் சொல்தான் காட்டும். இரண்டாம் கட்டத்தின் வழியாக 'பந்து' இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப, அடுத்து உங்கள் ன், அடுத்து து. 'பன்து' என்று தமிழில் சொல்லே இல்லை. அங்கே தடக்குப்படும்போது இறங்கும் சொல்லை மாற்றாதீர்கள். கிடையாக எழுதியதன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும் பிழைகளும் உண்டு. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது. முயற்சி 4 கட்டம், 'முயற்ச்சி' என்று எழுதினால் 5 கேட்கும். பயிற்சி, கற்பனை இரண்டும் 4. காட்சி 3. ஆனால் ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் இன்னொரு மெய் வரலாம். வளர்ச்சி 5, மகிழ்ச்சி 5, வாய்ப்பு 4. விடை தெரிந்தும் ஒரு கட்டம் கூடுதலாகத் தேவைப்பட்டால் முதலில் ற்-க்குப் பின்னால் பாருங்கள்.

இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளவை வேறு. கோயில்–கோவில், பவளம்–பவழம், உழுந்து–உளுந்து, கறுப்பு–கருப்பு. இவற்றில் சரி பிழை என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மாறும் அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு மற்றதை நிரப்புங்கள். நம் கோணேஸ்வரத்தையே பாருங்கள். கோணேஸ்வரம், கோணேசுவரம், கோணேச்சரம் மூன்றும் 6 கட்டம்தான். கோ, ணே என்ற முதல் இரண்டையும் ர, ம் என்ற கடைசி இரண்டையும் துணிந்து எழுதலாம். நடுவில் உள்ள இரண்டு கட்டங்களைப் பென்சிலுக்கு விடுங்கள்.

கேள்வி: 'குழம்பியுள்ளது' என்று வரும் சொற்களில் விடை தெரிந்தாலும் எந்த எழுத்து எங்கே என்று தெரிவதில்லை. ஏதாவது ஒழுங்கு உண்டா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: ஒழுங்கு இல்லை, கணக்கு உண்டு. 'அன்னாசி' குழம்பி வருகிறது என்று வைப்போம். அ, ன், னா, சி என்ற நாலு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். குறுக்குச் சொல் ஒன்று ஓர் எழுத்தை நிறுத்தினால் 6 விதம் மிஞ்சும், இரண்டு எழுத்து நின்றால் 2 விதம், மூன்று நின்றால் ஒன்றுதான். 5 எழுத்துச் சொல் 120 விதத்தில் தொடங்கும். ஆகவே குழம்பிய சொல்லைக் கடைசிக்கு வைத்துவிட்டு அதை வெட்டும் சொற்களை முதலில் முடியுங்கள்.

2 விதம் மிஞ்சி, மேற்கொண்டு குறுக்குச் சொல்லும் இல்லை என்றால் ஒரு சின்ன வழி இருக்கிறது. குழம்பிய சொல் அதன் இயல்பான வரிசையில் வராது. அ முதலிலும் ன் இரண்டாவதிலும் நின்றுவிட்டால் மிஞ்சிய னா, சி அதே வரிசையில் இருக்க முடியாது. சி, னா என்றே வரவேண்டும். அதுவும் உதவாத இடத்தில் இரண்டு அடுக்குமே சரிதான். அது அமைத்தவரின் குறை. குழம்பிய சொல்லில் வெட்டாத கட்டம் ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது. நிரப்புபவர் தலையில் அடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

விடையே தெரியாமல் எழுத்துகள் மட்டும் கிடைத்திருந்தால் அவற்றை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையில் எழுதினால் கண் அதையே ஒரு சொல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

'திரும்பியுள்ளது' இன்னும் எளிது. கடைசி எழுத்திலிருந்து தொடங்கினால் சரி. கவனிக்கவேண்டியது புள்ளியை மட்டும். 'கடல்' திரும்பினால் ல், ட, க. புள்ளி ல்-இன் மேலேயே இருக்கும், க-வுக்குத் தாவாது. திகதி, குடகு, தாத்தா, விகடகவி எப்படித் திருப்பினாலும் அதேதான்.

கேள்வி: முக்கால்வாசி நிரம்பிய பிறகு ஒரு மூலை மட்டும் அசையமாட்டேன் என்கிறது. அந்த மூலைக் குறிப்புகளையே மணிக்கணக்காகப் படிக்கிறேன்.
– வாசகர், மூதூர்

பதில்: பிழை பெரும்பாலும் அந்த வெற்று மூலையில் இல்லை. அதற்குள் நுழையும், நீங்கள் ஏற்கெனவே நிரப்பிய சொல்லில் இருக்கிறது.

அமெரிக்கப் பத்திரிகைகளின் வழக்கமான 15-க்கு 15 கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொற்களுக்குப் பொது. ஒன்று பிழைத்தால் மற்றது உடனே காட்டிவிடும். நம்முடைய கட்டங்களில் எதையும் வெட்டாத எழுத்துகள் நிறைய. பிழையான சொல் யாரும் கேட்காமல் பாதிப் பக்கம்வரை நிம்மதியாகக் குந்தியிருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். மூலைக்குள் நுழையும் ஒவ்வொரு சொல்லிலும், கிடைச்சொல்லாலும் இறங்கும் சொல்லாலும் உறுதியான எழுத்துகளின் கட்ட மூலையில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். புள்ளி குறைந்த சொல்தான் முதல் சந்தேக நபர். அதை அழிக்கவேண்டாம். ஒரு கடதாசித் துண்டால் மறைத்துவிட்டு, அது இல்லை என்று நினைத்து மூலைக் குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். ஒரு சொல்லாவது புதிதாக விழுந்தால் மறைத்த சொல் பிழை. விழாவிட்டால் அடுத்த சொல்லை மறையுங்கள். அதிகமாக மாட்டுபவை மூன்று: குறிப்பைப் பார்த்தவுடன் எழுதிய முதல் சொல், ஒருமைக்குப் பதில் பன்மை போட்டது, 'கம்பன்' என்ற இடத்தில் 'கம்பர்' போட்டது. இந்தக் கடைசி வகையில் எண்ணிக்கை மாறாது, ன் வரவேண்டிய இடத்தில் ர் நிற்கும். குறிப்பு 'பாடியவன்' என்றால் ன், 'பாடியவர்' என்றால் ர். குறிப்பின் விகுதியும் விடையின் விகுதியும் ஒத்துப்போகவேண்டும்.

கேள்வி: 'வாழ்த்துகள்' என்றால் ஒரு கட்டம் மிஞ்சுகிறது. ஏன்?
– வாசகி, பாலையூற்று

பதில்: அமைத்தவர் 'வாழ்த்துக்கள்' என்று க் வைத்து எழுதியிருக்கிறார். எழுத்துகள் 6, எழுத்துக்கள் 7 என்பதும் இதே கதை. கூட்டுச்சொல்லில் இன்னொரு நுணுக்கம். பூவுக்குப் பின்னால் வல்லினமும் வரலாம், அதற்கு இனமான மெல்லினமும் வரலாம். பூச்செடி, பூஞ்செடி இரண்டுக்கும் 4 கட்டம். அந்த இரண்டாம் கட்டத்தை மட்டும் விட்டுவைத்து எழுதுங்கள்.

கேள்வி: குறிப்பில் 7 இருக்கிறது, கட்டத்தில் 7-ஐக் காணவில்லை. இப்படி அச்சுப் பிழை வந்தால் போட்டியைத் தூக்கிப் போடுவதா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: தேவையில்லை. இலக்கம் இடுவதற்கு ஒரு முறை உண்டு. அதைத் தெரிந்தால் நீங்களே இலக்கம் போட்டுவிடலாம். மேல் வரிசையின் இடது மூலையில் தொடங்கி, வாசிப்பது போல வரிசை வரிசையாக வாருங்கள். ஒரு வெள்ளைக் கட்டத்துக்கு இடப்பக்கம் ஓரமோ கறுப்போ இருந்து, வலப்பக்கம் வெள்ளை இருந்தால் அங்கே கிடைச்சொல் தொடங்குகிறது. மேலே ஓரமோ கறுப்போ இருந்து, கீழே வெள்ளை இருந்தால் அங்கே இறங்கும் சொல் தொடங்குகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் அந்தக் கட்டத்துக்கு அடுத்த இலக்கம். இரண்டும் பொருந்தினாலும் ஒரே இலக்கம்தான். இப்படி எண்ணிக்கொண்டு வந்தால் விடுபட்ட 7 எங்கே என்று தெரியும்.

கறுப்புக் கட்டமே விடுபட்டுப்போய் இரண்டு சொல் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் வேறு சோதனை. பல போட்டிகளின் கட்டம், பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே கோலமாகத் தெரியும்படி அமைந்திருக்கும். பக்கத்தைத் திருப்பிப் பிடித்து ஒப்பிடுங்கள். ஓர் இடத்தில் மட்டும் கறுப்புக்கு எதிரே வெள்ளை நின்றால் அங்கேதான் அச்சு தவறியிருக்கிறது. அந்த இதழ் இந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறதா என்று அதன் பழைய போட்டி ஒன்றில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் பின்பற்றுவதில்லை. இந்த விளையாட்டின் முதல் போட்டியில் கறுப்புக் கட்டம் என்பதே இருக்கவில்லை. 1913 டிசம்பர் 21-இல் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆதர் வின் வெளியிட்ட அது, வைர வடிவில் நடுவே வெறுமையாக அமைந்திருந்தது.

கேள்வி: போனில் நிரப்பும்போது சரியான விடையையே பிழை என்று காட்டுகிறது. சிலவற்றில் கட்டங்களின் எண்ணிக்கையும் கூடுதலாக இருக்கிறது.
– மாணவி, லிங்கநகர்

பதில்: தங்கச்சி, உங்கள் தமிழில் பிழை இல்லை. யூனிக்கோடு முறையில் 'கோ' என்பது க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. 'ம்' என்பது ம-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ஸ்ரீ நாலு. 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து, கருவிக்கு 10 குறியீடு. எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணும்படி செய்த செயலி 10 கட்டம் காட்டும். அப்படியானதை நீக்கிவிட்டு வேறு செயலி தேடுங்கள். அதைத் திருத்த உங்களால் முடியாது.

மற்றது நீங்கள் திருத்தக்கூடியது. ஔகாரம் வரும் இடத்தில் பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் ள-வைத் தட்டுகிறார்கள். கண்ணுக்குக் 'கௌ' போலத்தான் தெரியும், கருவிக்கு அது இரண்டு எழுத்து. விசைப்பலகையில் ஔகாரக் குறி தனியாக இருக்கும், அதைத் தட்டுங்கள். 'ஔவை'க்கும் ஒ, ள என்று தட்டாமல் ஔ என்ற ஒரே விசையைத் தட்டவேண்டும்.

கேள்வி: மாரி காலத்தில் பத்திரிகைத் தாளில் எழுதினால் கிழிகிறது, மை ஊறுகிறது. வெட்டி ஒட்டி அனுப்பும் கூப்பனும் பழுதாகிறது.
– வாசகர், குச்சவெளி

பதில்: பத்திரிகைத் தாள் சதுர மீற்றருக்கு 40 முதல் 50 கிராம் வரைதான். போட்டோப் பிரதித் தாள் 80 கிராம். மெல்லிய தாள், மை பரவாமல் தடுக்கும் பூச்சும் இல்லை. கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றை உறிஞ்சினால் இன்னும் தளர்ந்துவிடும். அடியில் தடித்த மட்டை ஒன்று வையுங்கள். எச்பி பென்சில் இந்தத் தாளுக்குக் கடினம், அழுத்தினால் குழி விழும். 2பி நல்லது, தொட்டாலே எழுதும். அழுத்தாமல் எழுதியதை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் தேய்த்தால் தாள் உரியாது.

சாய்மனைக் கதிரையில் படுத்தபடி தாளை முகத்துக்கு நேரே பிடித்து எழுதினால் குமிழ்முனைப் பேனை சிறிது நேரத்தில் வறண்டுபோகும். மை தன் பாரத்தால் முனைக்கு இறங்குவது, முனை மேல் நோக்கினால் இறங்காது. பேனையைக் குறை சொல்லவேண்டாம், நிமிர்ந்து இருந்தால் போதும்.

கூப்பனுக்குப் பென்சில் வேண்டாம். முழுவதும் சரிபார்த்த பிறகு சாதாரண குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள். அதன் மை எண்ணெய்ப் பசை கொண்டது, பசை பட்டாலும் கலையாது. ஜெல் பேனையும் மைப்பேனையும் நீர் மை. தபால் அட்டையில் ஒட்டும்போது ஈரம் பட்டு எழுத்து பரவக்கூடும். பசையைக் கூப்பனின் பின்புறம் முழுதும் பூசாமல் நாலு ஓரத்தில் மட்டும் மெல்லிதாகத் தடவுங்கள். புள்ளியைக் குத்தாக வைக்காமல் சிறு வட்டமாக வையுங்கள். மங்கிய தாளில் குத்து மறைந்து 'ம்' என்பது 'ம' ஆகிவிட்டால் விடையும் போய்விடும். முடிவுத் திகதி என்பது பெரும்பாலும் கடிதம் போய்ச் சேரவேண்டிய நாள். தபாலிடும் நாள் என்று நினைத்துப் பிந்தவேண்டாம்.

கேள்வி: 'ஒரு நட்சத்திரம்' என்று மட்டும் குறிப்பு, 3 கட்டம். 27 நட்சத்திரத்தில் எதைப் போடுவது?
– வாசகி, திரியாய்

பதில்: 3 கட்டத்துக்குப் பொருந்துபவை ஒன்பதுதான், அம்மா: பரணி, ரோகிணி, பூசம், மகம், பூரம், சுவாதி, கேட்டை, மூலம், ரேவதி. திருவோணத்தை 'ஓணம்' என்று சுருக்கினால் பத்து. இவற்றில் ம் என்று முடிபவை பூசம், மகம், பூரம், மூலம், ஓணம். கடைசிக் கட்டத்தில் ம் இருந்தால் உங்கள் தேடல் பாதியாகிவிடும். பூசமும் பூரமும் நடுக் கட்டத்தில் மட்டும் வேறுபடும், அங்கே கவனம். 7 கட்டம் கேட்டால் மிருகசீரிடம் அல்லது உத்திரட்டாதி. மாதம், இராசி, நவமணி, சுவை எல்லாவற்றையும் இப்படிக் கட்ட எண்ணிக்கைப்படி பிரித்து ஒரு தாளில் எழுதிவைத்தால் இப்படியான குறிப்புகள் தொல்லை தரா.

கேள்வி: நூலகத்தில் பார்க்கும் இதழில் எழுத முடியாது. கட்டத்தை விரைவாகப் பிரதி எடுக்க வழி?
– மாணவன், ஆனந்தபுரி

பதில்: எழுதாமல் விடுவது நல்ல பழக்கம், தம்பி. கணக்குக்குப் பாவிக்கும் சதுரக் கொப்பியில் முதலில் வெளி ஓரத்தை மட்டும் கீறுங்கள். பிறகு வெள்ளைக் கட்டங்களை விட்டுவிட்டுக் கறுப்புக் கட்டங்களை மட்டும் வரிசை வரிசையாக எண்ணிக் குறியுங்கள், எண்ணிக்கை அதுதான் குறைவு. கட்டம் திருப்பினாலும் ஒரே கோலமாக இருக்குமென்றால் மேல் பாதியைக் குறித்துவிட்டுக் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி அதையே திரும்பக் குறிக்கலாம். இலக்கங்களைப் பார்த்து எழுதவேண்டாம், தம்பலகாமம் வாசகருக்குச் சொன்ன முறையில் நீங்களே போடுங்கள். கடைசி இலக்கம் இதழில் உள்ளதோடு ஒத்துவந்தால் பிரதியும் சரி. கறுப்புக் கட்டத்தை முழுக்க நிறம் தீட்டி நேரத்தைப் போக்காதீர்கள், குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும்.